காப்புப்பிரதி மென்பொருளை அமைத்தற்குக் காலமும் அறிவும் வேண்டுவதேன்?

ஒரு பொருள் அழியாதிருத்தற்கு அதன் மறுபடியைப் பிறிதோரிடத்தில் வைத்தல் வேண்டுமென்பது புதிய கருத்தன்று. செல்லரிக்கும் ஏடுகளை அவை அழியுமுன்னர்ப் பெயர்த்தெழுதிய நம் முன்னோர் செய்ததும் இதுவே. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1887 ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றியமையால், சில ஏடுகளில் ஒடுங்கிக் கிடந்த நூல் பல பிரதிகளாய் நிலைபெற்றது. இக்காலத்திற் கல்லூரிப் பதிவேடுகளும் வங்கிக் கணக்குகளும் வைத்தியசாலைக் குறிப்புகளும் கணினியில் உறைவனவாதலின், அவற்றிற்கும் மறுபடி வேண்டும். அதனையே காப்புப்பிரதி என்கிறோம்.

காப்புப்பிரதி எடுத்தற்கெனப் பல மென்பொருள்கள் உள. அவற்றுள் ஆற்றல் மிக்க ஒன்றைக் கணினியிற் சேர்த்துவிட்டு, "இதனை ஒழுங்குபடுத்த இத்துணை நாட்கள் செல்வானேன்?" எனச் சலித்துக்கொள்வோர் பலர். மென்பொருளை ஆக்கியோர் இதனை எளிதாக்கித் தந்திருக்கலாகாதா என்பது அவர்தம் வினா. அவ்வினாவை ஓர் எடுத்துக்காட்டினால் ஆராய்வோம்.

பாக்குலா என்பது கேர்ன் சிபால்ட் என்பார் 2000 ஆம் ஆண்டில் ஆக்கத் தொடங்கி, 2002 ஆம் ஆண்டில் யாவரும் பயன்கொள்ளுமாறு வெளியிட்ட மென்பொருளாகும். இஃது ஐந்து பகுதிகளையுடையது. பணிப்பாளர் எனும் பகுதி எவ்வேலை எப்பொழுது நடைபெறல் வேண்டுமென ஆணையிடும். காக்கப்படவேண்டிய கணினி ஒவ்வொன்றிலும் இருக்கும் கோப்புப் பகுதி தரவை எடுத்துக் கொடுக்கும். சேமிப்புப் பகுதி அதனை நாடாவிலோ வட்டிலோ எழுதும். எந்தக் கோப்பு எந்த நாடாவில் உள்ளதென்பதைப் பட்டியற் பகுதி குறித்துவைக்கும். ஐந்தாவது, மனிதர் கட்டளையிடும் பகுதி. இவை வெவ்வேறு கணினிகளில் இருத்தல் கூடும். ஒன்றையொன்று அறிந்து நம்புதற்கு இரகசியச் சொற்கள் இரு பக்கமும் பொருந்தல் வேண்டும். ஓரெழுத்துப் பிழைப்பினும் வேலை நடவாது.

ஆயினும், பெரிய தொல்லை இவ்விணைப்பன்று, முடிவு செய்தலேயாம். நாள்தோறும் அனைத்தையும் எழுதினால் மீட்பது எளிது. ஆனால் நாடாவும் நேரமும் போதா. மாறியவற்றை மட்டும் எழுதினால் இடம் மிஞ்சும். ஆனால் மீட்கும்போது முழுப்பிரதியிலிருந்து ஒவ்வொன்றாய்த் தொடுத்து வருதல் வேண்டும். இடையில் ஒன்று பழுதாயின் மீட்பு நிறைவுறாது. எவ்வளவு இடம், எவ்வளவு விரைவு, எவ்வளவு காவல் என்பவற்றை நிறுத்துப் பார்த்தல் நிருவாகியின் கடன்.

காக்கும் கால அளவும் இத்தகையதே. நிருவாகி வேறு கூறாவிடின், பாக்குலா கோப்புகளின் பெயர்க்குறிப்பை 60 நாட்களும், வேலைகளின் குறிப்பை 180 நாட்களும், நாடாவில் உள்ள தரவை 365 நாட்களும் பேணும். தை மாதத்தில் அழிந்த புள்ளிப்பட்டியல் ஒன்றைச் சித்திரையிலே தேடுகின்றோமெனக் கொள்வோம். தரவு நாடாவில் உண்டு. அதன் பெயரோ பட்டியலிலிருந்து நீங்கியிருக்கும். ஆகவே அக்கோப்பை மட்டும் தெரிந்தெடுக்க இயலாது. அன்றைய பிரதி முழுவதையும் மீட்டோ, நாடாவை முற்றும் மீளப்படித்தோதான் பெறல் வேண்டும். இது மென்பொருளின் குற்றமன்று. ஒரு கல்லூரி தன் அனுமதிப் பதிவேட்டை நூறாண்டு காக்க விரும்பும். நேற்றைய கடித வரைவை ஒரு திங்கள் காத்தாற் போதுமெனக் கருதும். இவ்வேறுபாட்டை எங்கோ இருந்து மென்பொருளாக்கியவர் எங்ஙனம் அறிவார்? எளிய மென்பொருள் நமக்காகத் தானே முடிவு செய்துவிடுகிறது; ஆற்றல் மிக்கதோ முடிவை நம்மிடம் விட்டுவிடுகிறது. ஆற்றலென நாம் போற்றுவதும், கடினமென நாம் நோவதும் ஒன்றே.

அமைத்தது மட்டும் போதுமா எனின், போதாது. 2017 ஆம் ஆண்டு சனவரி 31 ஆந் திகதி கிற்லாப் எனும் நிறுவனத்திற் பொறியியலாளர் ஒருவர், வேறோர் இயந்திரமெனக் கருதி முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். காப்புப்பிரதியை நாடியபோது, அதற்குரிய களஞ்சியம் வெறுமையாயிருந்தது. தரவுத்தளம் 9.6 ஆம் பதிப்பாகவும் பிரதியெடுக்கும் கருவி 9.2 ஆம் பதிப்பாகவும் இருந்தமையால் வேலை தோல்வியுற்றுக்கொண்டிருந்தது. அத்தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு ஒருவரையும் எய்தவில்லை. ஏறத்தாழ ஆறு மணிநேரத்திற்கு முன் வேறொரு தேவைக்காகக் கையால் எடுத்த பிரதியொன்று இருந்தமையாற் பெரும்பகுதி பிழைத்தது.

நம் நாட்டிலும் படிப்பினை உண்டு. 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26 ஆந் திகதி இலங்கை அரசாங்க முகில் வலையமைப்பு தாக்கப்பட்டபோது, அவ்வாண்டு மே 17 தொடக்கம் அன்றுவரையுள்ள அரசாங்க மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. வலையமைப்பினின்றும் பிரித்து வைத்த பிரதி அக்காலப்பகுதிக்கு இல்லாமையே காரணம்.

ஆதலின், மென்பொருளைத் தெரியுமுன்னரே நிறுவனத்தார் கூடியிருந்து சில வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். எதனை இழந்தால் ஈடுசெய்ய இயலாது? எத்தனை நாளைய வேலையை இழப்பின் பொறுக்கலாம்? பிரதிகளுள் ஒன்றாயினும் வேறோரிடத்தில் உள்ளதா? மீட்கும் முறையை அறிந்தவர் ஒருவரா, இருவரா? விடை கண்டு அமைத்தபின், ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பார்த்தல் வேண்டும். அதனைத் தவணைதோறும் செய்தல் வேண்டும். இவற்றிற்கு ஆளும் காலமும் இல்லாத சிறு நிறுவனம், எளிய மென்பொருளொன்றைக் கொண்டு ஒழுங்காய்ப் பிரதியெடுத்தலே நன்று. ஆற்றல் மிக்கதைக் கொள்வோர், அதனை அமைக்குங் காலத்தை வீண்செலவென எண்ணற்க. அக்காலமே நம் உடைமை எதுவென நாம் அறியுங் காலம். மீட்டுப் பாராத பிரதி, பிரதியெனக் கொள்ளற்பாலதன்று.