ஸ்பிரேயருக்கு பெயிண்ட் அடிக்கலாமா? பிளாஸ்டிக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

மரத்துக்கும் இரும்புக்கும் அடித்து மிச்சமான எனாமலை ஸ்பிரேயர் டேங்க்கிலும் பி.வி.சி. பைப்பிலும் பூசிவிட்டு, இரண்டே மாதத்தில் தோல் தோலாக உரிகிறது என்று வருத்தப்படும் விவசாயிகள் பலர். பழி பெரும்பாலும் பெயிண்ட் கம்பெனி மேல்தான் விழுகிறது. ஆனால், எந்த பெயிண்ட் என்று கேட்பதற்கு முன்பு, அது எந்த பிளாஸ்டிக் என்று பார்த்திருக்க வேண்டும்.

பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 2 என்றால் ஹெச்.டி.பி.இ., 3 என்றால் பி.வி.சி., 5 என்றால் பாலி புரொப்பிலீன். எண் அழிந்திருந்தால் உடைந்த துண்டு ஒன்றைத் தண்ணீரில் போடலாம். மிதந்தால் பெரும்பாலும் 2 அல்லது 5. பி.வி.சி.யும் கண்ணாடி இழை ஃபைபரும் மூழ்கிவிடும்.

மிதக்கும் ரகத்தில் சாதாரண பெயிண்ட் ஒட்டாது. சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் உருளுவதுபோலத்தான். அதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் பிரைமரை முதலில் பூசினால் ஓரளவு பிடிக்கும். கறுப்பு ஹெச்.டி.பி.இ. பைப்புக்கு அந்த வேலையே வேண்டாம். அதில் கலந்திருக்கும் 2 முதல் 3 சதவிகிதக் கரித்தூள்தான் வெயிலைத் தாங்கிக்கொள்கிறது.

பூச்சு உண்மையிலேயே தேவைப்படுவது தரைக்கு மேல் கிடக்கும் பி.வி.சி. பைப்புக்குத்தான். திருநின்றவூர், பூசலார் நாயனார் மனத்திலேயே கோயில் கட்டிய ஊர். மனக்கோயிலுக்கு வெயில் படாது. மோட்டார் கொட்டகையிலிருந்து கத்திரி, வெண்டைக்குப் போகும் பைப்புக்குப் படும். ஐ.எஸ். 4985 தரப்படி பைப்பில் அச்சிட்டுள்ள அழுத்த அளவு 27 டிகிரி செல்சியஸுக்கு உரியது. சூடு ஏற ஏற அந்தத் தாங்கும் சக்தி குறையும். அதனால் வெள்ளை நிறம், தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் வெளிச்சுவர் பெயிண்ட் போதும். 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசி துடைத்து, இரண்டு மெல்லிய பூச்சு அடிக்க வேண்டும். தின்னர் கலந்த எனாமல் பி.வி.சி.க்கு ஆகாது. கறுப்பு அடித்தால் காசு கொடுத்துச் சூடு வாங்கியதுதான்.

மண்வெட்டியின் ஃபைபர் பிடி, உரிமம் பெற்ற துப்பாக்கியின் ஃபைபர் கட்டை இரண்டுக்கும் குணம் ஒன்றுதான். கை வியர்வையும் உராய்வும் படும் இடம் என்பதால், உப்புத்தாள் போட்டு, எபாக்ஸி பிரைமர் மேல் இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பூச வேண்டும். எபாக்ஸியை மட்டும் விட்டால் வெயிலில் சுண்ணாம்புபோல மாவு உதிரும். பாலியூரித்தேனின் கெட்டியாக்கும் டப்பாவில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. திறந்த வெளியில் பிரஷ்ஷால் பூசுங்கள், ஸ்பிரே வேண்டாம்.

இனி ஸ்பிரேயர். களைக்கொல்லிக்கு ஒன்று, பூச்சிமருந்துக்கு ஒன்று என்று அடையாளம் தெரியத்தான் பலரும் டேங்க்குக்கு வண்ணம் அடிக்கிறார்கள். நோக்கம் மிகச் சரி. 2,4-டி அடித்த டேங்க்கைச் சரியாகக் கழுவாமல் தக்காளிக்கோ வெண்டைக்கோ எடுத்துப்போனால், மிச்சம் ஒட்டியிருப்பதே இலையைச் சுருட்டிவிடும். ஆனால், டேங்க் முழுக்க பெயிண்ட் அடித்தால் உள்ளே எவ்வளவு மருந்து இருக்கிறது என்று தெரியாது. அதைவிட மோசம், அடியில் விழுந்த விரிசலும் தெரியாது. கசிவது சுமப்பவர் முதுகில்தான். போதாததற்கு, இ.சி. வகை மருந்திலுள்ள கரைப்பான் பட்ட இடத்தில் பெயிண்ட் இளகும்.

எனவே டேங்க்கை அப்படியே விடுங்கள். களைக்கொல்லி ஸ்பிரேயரின் தோள் பட்டையிலும் தெளிப்புக் குழாயிலும் சிவப்பு நைலான் கயிறு இறுகக் கட்டினால் போதும். குழாயிலும் கட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அவசரத்தில் ஒன்றின் குழாயைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது.