ராஜம்மா, ரோசி, ராஜம்மாள்

2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் முகப்பில் ஒரு பெண்ணின் ஓவியம் வந்தது. யார் தெரியுமா? மலையாள சினிமாவின் முதல் கதாநாயகி பி.கே.ரோசி. நம் நாகர்கோவிலில் வாழ்ந்தவர்!

திருவனந்தபுரத்தில் 1903-ல் ஓர் ஏழைத் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் ராஜம்மா. புல் அறுத்துப் பிழைத்தவர், காக்காரிசி நாடகத்திலும் நடித்தார். அகஸ்தீஸ்வரத்தில் வாழ்ந்த ஜே.சி.டேனியல் தம் நிலத்தை விற்று ‘விகதகுமாரன்’ என்ற ஊமைப்படம் எடுத்தார். அதன் கதாநாயகி இவர்தான். ரோசி என்ற பெயர் தந்தை கிறிஸ்தவரானதால் வந்தது என்பார் சிலர். டேனியல் சூட்டியது என்பார் வேறு சிலர்.

படத்தில் அவருக்கு நாயர் பெண் வேடம். 1930-ல் (1928 என்றும் சொல்வதுண்டு) திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் படம் ஓடியபோது, ‘இவள் எப்படி அந்த வேடம் போடலாம்?’ என்று சிலர் கூச்சலிட்டுத் திரையில் கல் எறிந்தார்கள். என்ன கொடுமை பாருங்கள்! நடிப்பதே வேடம் போடுவதுதானே?

ரோசி ஊரில் இருக்க முடியவில்லை. ஒரு லாரியில் ஏறித் தப்பினார். அதன் டிரைவர் கேசவப் பிள்ளையையே மணந்து, நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் குடும்பம் நடத்தினார். பிறகு நடிக்கவே இல்லை. பெற்ற பிள்ளைகளுக்கே அம்மாவின் சினிமாக் கதை அதிகம் தெரியாதாம்.

இவர்கள் கதையைச் சொல்லும் ‘செல்லுலாய்டு’ என்ற மலையாளப் படம் 2013-ல் வந்தது. ரோசி நடித்த படத்தை இன்று பார்க்க முடியாது. டேனியலின் மகன் சிறு வயதில் விளையாட்டாகப் படச்சுருளைக் கொளுத்திவிட்டாராம்.