வலது மூலைக் காவலர்

அரியலூர், பெரம்பலூர் வட்டாரங்களிலும் கொள்ளிடத்தின் தென்கரையிலுள்ள தஞ்சை மாவட்டத்திலும் பொங்கலை ஒட்டி நடக்கும் கபடிப் போட்டிகளில், கைதட்டல் பெரும்பாலும் பாடிச் செல்பவருக்கே கிடைக்கிறது. பிடித்து மடக்குபவர் ஆட்டத்தையே வென்று தந்தாலும் அவர் பெயர் பின்னால்தான் வருகிறது. அமெரிக்கக் கால்பந்தில் முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும் ஆட்டக்காரர்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே எனினும், 1985 முதல் 2003 வரை 19 பருவங்கள் ஆடிய புரூஸ் ஸ்மித், பந்தெறிபவரை 200 முறை வீழ்த்தியதாக அங்கே கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் அவருக்கு அருகில் வைத்துப் பார்க்கத்தக்கவர், 1975இல் பிறந்த தஞ்சை மாவட்டத்துக்காரரான தர்மராஜ் சேரலாதன்.

அவருடைய இடம் வலது கார்னர், அதாவது எழுவர் நிற்கும் தடுப்பு வரிசையின் வலக்கோடி. களத்தில் ஆறு பேராவது இருக்கும்போது பாடி வருபவர் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் கூடுதல் புள்ளி பெறுவார் என்பதால், அவர் காலை நீட்டும் அந்த ஒரு கணமே கார்னரில் நிற்பவருக்கு வாய்ப்பாகிறது. சற்று முந்திப் பாய்ந்தால் தொடுபட்டு வெளியேற வேண்டும். பிந்தினால் கால் திரும்பிவிடும். உடல் எடை முழுவதும் ஊன்றிய காலுக்கு மாறி, நீட்டிய கால் தளர்ந்திருக்கும் நேரத்தில் குனிந்து கணுக்காலை இரு கைகளாலும் பற்றி, கூட்டாளிகள் வந்து மூடும்வரை விடாமல் வைத்திருப்பதே கணுக்கால் பிடி. இதற்கு வலுவைவிட எதிராளியின் தோளையும் இடுப்பையும் படிக்கும் கண் முக்கியம். அந்தக் கண் வயதோடு கூர்மையாகுமே தவிர மங்குவதில்லை.

புரோ கபடி லீக் 2014இல் தொடங்கியபோது சேரலாதனுக்கு வயது 39. பலர் ஆட்டத்தை விட்டுப் பயிற்சியாளராகும் பருவம் அது. அவரோ 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமையேற்று, ஜூலையில் நடந்த இறுதியாட்டத்தில் ஜெய்ப்பூரை வென்று கோப்பையை வாங்கியதோடு, அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் ஈரானை 38-29 என வீழ்த்தி உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். பிறகு புனே, மும்பை அணிகளுக்கு ஆடினார். தமிழ் தெரியாத ஆட்டக்காரர்களும் அவரை ‘அண்ணா’ என்றே அழைத்தனர். 2019இல், ஏறக்குறைய மகன் வயதுள்ள இளைஞர்கள் நிறைந்த ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்குத் தலைவராகி அதைப் பிளேஆஃப் வரை கொண்டுசென்றபோது அவருக்கு 44 வயது. புரூஸ் ஸ்மித் தம் கடைசிப் பருவத்தை முடித்தது நாற்பதில்.