ஒளியேந்தும் கலம்: ருடால்ஃப் ஸ்டாஃபெலின் பீங்கான் கலை

மட்கலம் பொருளை ஏந்துவதற்கே என்பது பொதுக்கருத்து. அமெரிக்க மட்பாண்டக் கலைஞர் ருடால்ஃப் ஸ்டாஃபெல் (1911–2002) ஒளியை ஏந்தும் கலங்களை உருவாக்கி, அவற்றை 'ஒளி திரட்டிகள்' என அழைத்தார். பிலடெல்பியாவின் டைலர் கலைப்பள்ளியில் பல்லாண்டுகள் கற்பித்த அவர், பீங்கான் களிமண்ணையே இதற்குத் தேர்ந்தார். உயர் வெப்பத்தில் சுடும்போது அக்களிமண்ணிலுள்ள பெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடித்தன்மை தருகிறது; ஆதலின் மெல்லிய பகுதி ஒளியைக் கடத்துகிறது, தடித்த பகுதி மறைக்கிறது. இவ்வியல்பை அறிந்த ஸ்டாஃபெல், களிமண் துண்டுகளை ஒட்டியும் அழுத்தியும் கீறியும் கலச்சுவரின் தடிமனை இடத்திற்கிடம் மாற்றினார். தடிமன் வேறுபாடே ஒளியும் நிழலுமாகச் சுவரில் ஓவியமாயிற்று. பயன்படு கலம், கலைப்படைப்பு என்னும் வழக்கமான பாகுபாடு இங்குத் தளர்கிறது. கலத்தின் உள்வெளி வெறுமையாயினும் பயனற்றதன்று. ஒளி தங்கும் இடம் அதுவே.