எதிர்பார்க்கும் கண்

'எக்ஸ்பெக்ரன்ற்' என்னும் ஆங்கிலப் பெயரடைக்கு, லிங்கநகரில் என்னிடம் பாடங்கேட்கும் மாணவர் 'நம்பிக்கையுள்ள' என்று பொருள் எழுதுவதுண்டு. அது முற்றும் பொருந்துவதன்று. இலத்தீனில் 'எக்ஸ்' என்பது வெளியே. 'ஸ்பெக்தாரே' என்பது நோக்குதல். இரண்டும் கூடி, ஒன்றன் வரவை நோக்கியிருத்தல் என்னும் கருத்தைத் தந்தன. பார்வையாளரைக் குறிக்கும் 'ஸ்பெக்ரேற்றர்' என்ற சொல்லும் இவ்வேரினதே. கருவுற்ற தாயையும் ஆங்கிலேயர் இவ்வடை கொடுத்தே சுட்டுவர். வரப்போகும் மகவை நோக்கியிருப்பவள் அவள்.

நம் முன்னோரும் கண்ணிலிருந்தே இக்கருத்தைப் படைத்தனர். எதிர், பார் என்னும் இரண்டும் சேர்ந்ததன்றோ எதிர்பார்த்தல்? ஆங்கிலச் சொல் வெளியே பார்க்கிறது. தமிழ்ச்சொல்லோ, வருபவருக்கு எதிரே நின்று பார்க்கிறது.

நம்பிக்கை நெஞ்சின் துணிவு. எதிர்பார்ப்புக் கண்ணின் தவம். முன்னது குன்றிய பின்னும் பின்னது நிலைத்தல் கூடும். போர்க்காலத்தில் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி, 2017ஆம் ஆண்டில் திருகோணமலை வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாரை 'நம்பிக்கையுள்ளவர்' என்றெழுத என் பேனை கூசுகிறது. அவர்கள் எதிர்பார்த்திருப்பவர்கள். மகவு பிறக்குமுன் தாங்கிய அதே அடைமொழி, அம்மகவைத் தேடும்போதும் அவர்களுக்கு உரியதாயிற்று.