சுண்ணாம்பு ஊரில் ஸ்ட்ராபெர்ரி

ராஜபாளையம் பக்கத்து ஆலங்குளம் என்றாலே அரசு சிமெண்ட் ஆலைதான் நினைவுக்கு வரும். (தென்காசிப் பக்கம் இருக்கும் ஆலங்குளம் வேறு.) 1970-ல் அங்கே ஆலை வரக் காரணம் அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல். சிமெண்டுக்கு உதவும் அந்தச் சுண்ணாம்பு ஸ்ட்ராபெர்ரிக்கு ஆகவே ஆகாது. அதற்கு லேசான அமிலத்தன்மை உள்ள மண் வேண்டும். கார அமில நிலை 5.5 முதல் 6.5-க்குள் இருப்பது நல்லது. சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்றதெல்லாம் மஞ்சளாகும். ஆகவே இங்கே தரை வேண்டாம், தொட்டிதான்.

வேர் ஆழமாகப் போகாது. எட்டு அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி. பிளாஸ்டிக்கைவிட மண் தொட்டி மேல். அதன் சுவரில் நீர் கசிந்து ஆவியாவதால் வேர் குளிர்ச்சியாக இருக்கும். ஊர் மண்ணைத் தொடாமல் தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், கொஞ்சம் ஆற்றுமணல் கலந்து நிரப்புங்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை அலசிய பிறகே சேர்க்க வேண்டும்.

பலர் கோட்டை விடுவது தண்ணீரில். மண்ணைப் பார்த்துப் பார்த்துக் கலந்துவிட்டு, போர்த் தண்ணீரை ஊற்றினால் சுண்ணாம்பு பின்வாசல் வழியாக வந்துவிடும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவது அதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையை மாடியிலிருந்து டிரம்மில் பிடித்து வையுங்கள். நாலைந்து தொட்டிக்குத் தாராளம்.

வெயில் ஊரில் காய்க்குமா என்பது அடுத்த கேள்வி. குறுகிய பகலில் பூக்கும் ரகங்களுக்கு நம் ஊரில் பகல் ஒரு தடையே இல்லை. கோடையிலும் அது 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. தடை இரவுப் புழுக்கம். ஸ்ட்ராபெர்ரி விளையும் ஊட்டி, கொடைக்கானல், மகாபலேஷ்வர் எல்லாம் மலையூர்களாக இருப்பது இதனால்தான். நமக்குக் கிடைப்பது மார்கழி, தை, மாசி மட்டுமே. பெருமழை ஓய்ந்ததும், நவம்பர் கடைசியில், ஃபுளோரிடாவில் உருவான ஸ்வீட் சார்லி, வின்டர் டான் போன்ற ரகங்களின் கன்றை நடலாம். இணையத்தில் நீலநிற ஸ்ட்ராபெர்ரி படத்தோடு விற்கும் விதைப் பொட்டலத்துக்குக் காசைக் கொடுக்காதீர்கள். அப்படியொரு பழம் கிடையாது. ஒட்டுமொத்தமாக விதையே வேண்டாம், கலப்பின விதை தாய்ச்செடி போல வராது.

நடும்போது குருத்து மண்மட்டத்தில் இருக்கட்டும். புதைந்தால் அழுகும், வேர் வெளியே தெரிந்தால் காயும். காலை வெயில் படும் இடம், மதியத்தில் நிழல். பூத்தால் மெல்லிய தூரிகையால் நடுவில் சுற்றித் தடவுங்கள், இல்லாவிட்டால் பழம் கோணலாகும். பூவிலிருந்து பழத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம். பறித்த பின் இது பழுக்காது. முழுச் சிவப்பு ஏறும்வரை அணிலுக்கும் கொண்டைக்குருவிக்கும் எட்டாதபடி வலை கட்டுங்கள்.

பங்குனியில் செஞ்சிலந்தி வரும், இலை கருகும். மூன்று நாலு தொட்டியில் கிண்ணம் கிண்ணமாகப் பழம் வராது, கைப்பிடி வந்தாலே நல்ல அறுவடை. செடியைக் கோடை தாண்ட வைக்கப் போராட வேண்டாம். அடுத்த நவம்பரில் புதுக் கன்று வாங்கிக்கொள்ளலாம்.