உப்பிலே பிறந்து உப்பிலே வாழும் உயிர்கள்



"உப்பைப் போட்டு வச்சா எதுவும் கெடாது" என்பார் எங்கள் அம்மா. எங்க எறையூர்ப் பக்கம் கடல் கிடையாது. கருவாடு வந்தால்தான் வீட்டில் கடல் வாசனை! அந்தக் கருவாட்டில் ஈரம் பட்டால் ரோஸ் கலரில் பிசுபிசுவென்று ஒன்று படருமே, அது எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் மீனிலிருந்து அல்ல, போட்ட உப்பிலிருந்துதான்.

கடல் நீரில் ஏறத்தாழ 3.5 சதவீதம் உப்பு. தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் உப்பளங்களில் அதைப் பாத்தி பாத்தியாக விட்டு வெயிலில் சுண்ட வைக்கிறார்கள். 25 டிகிரி பாமே வாக்கில் உப்பு பூக்கும். அந்த நீரில் சாதாரணக் கிருமி விழுந்தால், சவ்வூடு பரவலால் அதன் உடம்புத் தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டுச் சுருங்கிப்போகும். ஊறுகாய் கெடாமலிருப்பதும் இதனால்தான்.

ஆனால் ஹாலோபாக்டீரியம் சலினாரம் அசருவதில்லை. வெளியே இருக்கும் உப்புக்கு ஈடாகத் தனக்குள் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. உள்ளும் புறமும் சமமாகிவிட்டால் தண்ணீர் ஏன் வெளியே ஓடப்போகிறது? அதன் புரதங்களுக்கும் அந்த உப்பு இருந்தால்தான் நிலை. நல்ல தண்ணீரில் விட்டால் உடைந்து செத்துவிடும். நமக்கு உயிர் தரும் தண்ணீர் அதற்கு எமன்! பெயரில்தான் பாக்டீரியா; உண்மையில் இது ஆர்க்கியா என்னும் தனிப் பிரிவு.

சிவப்பு நிறம் கடும் வெயிலிலிருந்து அதைக் காக்கும் நிறமி. 2020 ஜூனில் மகாராஷ்டிராவின் லோனார் ஏரி திடீரென்று ரோஸ் நிறமாக மாறியதற்கும் இதுபோன்ற உப்பு விரும்பும் ஆர்க்கியாதான் காரணம் என்று புனே அகார்கர் ஆராய்ச்சி நிலையம் கண்டது. இன்னொரு ஆச்சரியம்: நம் கண்ணில் உள்ளதைப் போன்ற ரெட்டினால் இதனிடம் உண்டு. அது சேர்ந்த புரதத்தால் வெயிலையே சக்தியாக்கிக்கொள்கிறது. ஓஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கினியஸ் இருவரும் 1971-இல் இந்தப் புரதத்தைப் பற்றி வெளியிட்டார்கள். பச்சையமே இல்லாமல்!

உப்பளக்காரருக்கு இது நண்பன். சிவந்த நீர் வெயிலை அதிகம் உறிஞ்சுவதால் சீக்கிரம் வற்றும். கருவாடு விற்கும் அம்மாக்களுக்கோ நஷ்டம். ரோஸ் படர்ந்த கருவாடு குழைந்து, நாறி, விலை போகாது. கூடைச் சரக்கு போனால் முதலே போயிற்று. மீன் ஊறிய பழைய உப்பை மறுபடியும் புது மீனுக்குப் போடுகிறவர்கள் இந்தக் கிருமியையும் சேர்த்தே போடுகிறார்கள். கூடையையும் தொட்டியையும் நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, கருவாட்டில் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொண்டால் பெருமளவு தடுக்கலாம்.